பெங்களூர்ல வேலை

மூணு வாரமா இங்க எதுவும் எழுதல. ஆணி அதிகம்னு வழக்கமா சொல்ற காரணம் இந்த தடவை உண்மை இல்ல. இதே பதிவை நாலு தடவை எழுதி நாலு தடவை அழிச்சேன். அஞ்சாவது தடவை எழுதினதை தம்பிகிட்ட படிக்க குடுத்தேன். ரெண்டு இடத்துல அடிச்சுட்டு, "மிச்சத்தை போட்டுக்கோ"ன்னு சொல்லிட்டான். வழக்கமான மொக்கையை எதிர்பார்த்து வந்தவங்க இந்த ஒரு தடவை மன்னிக்கணும் :-)

2024 வைகாசி. தி.நகர்ல ஒரு கல்யாண மண்டபம். அம்மாவோட ஒண்ணுவிட்ட அக்கா ஒருத்தங்க இருக்காங்க, எங்களுக்கு பெரியம்மா. பந்தியில எனக்கு எதிர்த்தாப்ல உக்காந்தவங்க, சாம்பார் சாதம் பிசைஞ்சுகிட்டே கேட்டாங்க.

"சின்னவன் எங்கடி காணோம்?"

அம்மா ஒரு நொடி கூட யோசிக்கல. "பெங்களூர்ல வேலை கெடச்சிருக்குக்கா. புது வேலை, லீவு குடுக்கல."

"அட, எங்க பையனும் அங்கதானே இருக்கான்! பெங்களூர்ல எங்க?"

அம்மா என்னை பார்த்தாங்க. வீட்ல பொட்டி தட்டுறவன் நான்தானே, பெங்களூர் ஏரியா பேரெல்லாம் எனக்குத்தான் தெரியும். "ஒயிட்ஃபீல்ட் பக்கம் பெரியம்மா"ன்னு சொன்னேன். பொய்யை நம்புற மாதிரி சொல்றதுக்கு நாலு வருஷ இன்ஜினியரிங் படிப்பு அன்னிக்கு உதவிச்சு.

அந்த நேரம் தம்பி அடையார்ல ஒரு போதை மீட்பு மையத்துல இருந்தான். மண்டபத்துலேர்ந்து ஆட்டோவுல போனா இருபத்தஞ்சு நிமிஷம்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

என்னை விட தம்பி நாலு வயசு சின்னவன். டிப்ளமோ முடிக்கல, ரெண்டு அரியர். 2021-ல சாப்பாடு டெலிவரி வேலைக்கு சேர்ந்தான். தி.நகர், மாம்பலம், நந்தனம் அவன் ஏரியா. பைக்ல நாளைக்கு பன்னெண்டு மணி நேரம். முதுகுவலின்னு சொல்லுவான். கூட ஓட்டுற பையன் ஒருத்தன் ஒரு மாத்திரை குடுத்திருக்கான். வலி போச்சு, கூடவே மனசுல இருந்த பாரமெல்லாம் போன மாதிரி இருந்துச்சாம். அது டேபெண்டடால். அபின் வகையைச் சேர்ந்த வலி நிவாரணி. டாக்டர் சீட்டு இல்லாம விக்கக்கூடாது. ஆனா சென்னையில 'வலி மாத்திரை'ன்னு கேட்டா எங்க கிடைக்கும்னு தெரிஞ்சவங்களுக்கு தெரியும். முழுங்கினது பத்தாம, அதை கரைச்சு ஊசியில ஏத்துற வரைக்கும் போயிட்டான்.

எங்களுக்கு தெரியல. இதை நிறைய பேர் நம்ப மாட்டாங்க. ஒரே வீடு, மந்தைவெளியில ரெண்டு ரூம், ஒரே பாத்ரூம். எப்படி தெரியாம போகும்?

தெரியாம போறதுக்கு நாங்க ரொம்ப உழைச்சோம்ங்கறதுதான் நிஜம். காசு கிடைக்காம மாத்திரை நின்ன நாள்ல அவனுக்கு மூக்கு ஒழுகும், கொட்டாவி கொட்டாவியா வரும், மயிர்க்கூச்செறியும், வயிறு பிடுங்கும், ராத்திரி தூங்காம காலை உதறிகிட்டே இருப்பான். அம்மா என்ன பண்ணாங்க தெரியுமா? சுக்கு, மிளகு, துளசி போட்டு கஷாயம் வெச்சு குடுத்தாங்க. மழையில நனையறான், சளி பிடிச்சிருக்குன்னு. ரெண்டு வருஷம் மாசத்துக்கு மூணு தடவை ஒரு மனுஷனுக்கு சளி பிடிக்குமான்னு யாரும் கேக்கல.

மிக்ஜாம் புயல் ஞாபகம் இருக்கா? 2023 டிசம்பர் முதல் வாரம். எங்க தெருவுல முட்டி வரைக்கும் தண்ணி, கரண்ட் இல்ல, போன் இல்ல. ரெண்டாவது நாள் காலைல தம்பி கிளம்பினான். "தி.நகர்ல ஃப்ரெண்டு வீட்ல தண்ணி பூந்துடுச்சு, போய் ஹெல்ப் பண்ணிட்டு வரேன்"னான். அந்த தண்ணியில நடந்தே போனான். சாயங்காலம் திரும்பி வந்தப்ப முகம் தெளிஞ்சு இருந்தது. அம்மா பக்கத்து போர்ஷன் அக்காகிட்ட அவ்ளோ பெருமையா சொன்னாங்க, "ஊருக்கு ஒண்ணுன்னா எங்க பையன் முதல்ல நிப்பான்"னு. அவன் எதுக்கு போனான்னு இப்ப உங்களுக்கு புரிஞ்சிருக்கும். எங்களுக்கு புரிய இன்னும் ரெண்டு மாசம் ஆச்சு. அம்மாவோட ரெண்டு பவுன் சங்கிலி காணாம போய், அது அடகுக்கடையில இருக்குன்னு தெரிஞ்சப்புறம்தான்.

(இங்க ஒரு பத்தி இருந்தது. தம்பி அடிச்சுட்டான்.)

அடுத்து நாங்க பண்ணின தப்பை சொல்லணும், ஏன்னா நிறைய வீட்ல இதைத்தான் பண்றாங்க. யாரோ சொன்னாங்கன்னு ஊருக்கு வெளிய ஒரு 'மறுவாழ்வு மையத்துக்கு' போன் பண்ணோம். பேர் வேணாம். ராத்திரி பதினொரு மணிக்கு நாலு பேர் வேன்ல வந்து, தூங்கிட்டு இருந்தவனை கையை காலை பிடிச்சு தூக்கிட்டு போனாங்க. நான் கேட்டை திறந்து விட்டேன். அவன் என்னைப் பார்த்து "அண்ணா, வேணாம்ணா"ன்னு கத்தினதுக்கு, "உன் நல்லதுக்குத்தாண்டா"ன்னு பதில் சொன்னேன். முன்பணம் முப்பதாயிரம் நான்தான் கட்டினேன்.

மூணு வாரத்துல திரும்ப கூட்டிட்டு வந்தோம். தோள்பட்டையில கன்னிப்போன தடம். டாக்டர் யாரும் ஒரு தடவைகூட பார்க்கல, பேசல. பூட்டி வெச்சிருக்காங்க, அவ்வளவுதான். 2017-ல வந்த மனநல பராமரிப்பு சட்டத்துல மது, போதைப் பழக்கத்தால வர்ற பிரச்சினையும் அடங்கும். இந்த மாதிரி இடங்கள் பதிவு பண்ணிக்கணும், சேர்ந்தவங்களை மரியாதையா நடத்தணும், அடிக்கக் கூடாது, சங்கிலி போடக்கூடாதுன்னெல்லாம் அதுல இருக்கு. எனக்கு அப்ப தெரியாது. கேக்கவும் இல்ல.

வீட்டுக்கு வந்த நாலாவது நாள் பாத்ரூம் கதவை உடைச்சோம். உதடு நீலமா இருந்தது. மூச்சு எப்பவோ ஒண்ணு எப்பவோ ஒண்ணு. 108-க்கு போன் பண்ணினேன். பொழைச்சான். மறுநாள் டாக்டர் என்னை தனியா கூப்பிட்டு சொன்னதை அப்படியே எழுதறேன், தெரியாதவங்க தெரிஞ்சுக்கணும். மூணு வாரம் போடாம இருந்ததுல உடம்போட தாங்குற சக்தி குறைஞ்சு போயிருக்கும். வெளிய வந்ததும் பழைய அளவையே போட்டா மூச்சு நின்னுடும். போதை சாவுல நிறைய, இப்படி கொஞ்ச நாள் நிறுத்திட்டு வந்தப்புறம் நடக்கறதுதானாம். அதாவது, நாங்க முப்பதாயிரம் கட்டி பண்ணின வேலை அவனை சாவுக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்துல கொண்டு போய் விட்டிருக்கு.

அந்த டாக்டர்தான் அடையார் மையத்துக்கு சீட்டு எழுதி குடுத்தார். இந்த தடவை யாரும் தூக்கிட்டு போகல. அவனே பையை எடுத்துகிட்டு வந்தான். மந்தைவெளியில பறக்கும் ரயில் ஏறினோம். கிரீன்வேஸ் ரோடு, கோட்டூர்புரம், கஸ்தூர்பா நகர், இந்திரா நகர். ஒரு வார்த்தை பேசல ரெண்டு பேரும். சேர்க்கிற பாரமெல்லாம் எழுதி முடிச்சதும் அங்க இருந்த ஆலோசகர் அம்மா என்கிட்ட கேட்டாங்க.

"நீங்க எப்ப வருவீங்க?"

"சனிக்கிழமை வரேன் மேடம், பார்க்க விடுவீங்களா?"

"அவரை பார்க்க இல்ல. உங்க சிகிச்சைக்கு."

நான் ஙேன்னு முழிச்சேன். எனக்கு என்ன வியாதி?

இந்த இடத்துல அடையாரோட ஒரு பழைய கதையை சொல்லணும். இந்திரா நகர் ஸ்டேஷன்ல இறங்கி உள்ள நடந்தா நாலாவது மெயின் ரோடுல டி.டி.கே. மருத்துவமனை இருக்கு. (தம்பி இருந்த இடம் இதுவா இல்லையான்னு எழுத வேணாம்னு அவன் சொல்லிட்டான்.) பிரெஸ்டீஜ் குக்கர் வீட்ல இருக்கில்ல, அந்த டி.டி.கே. குடும்பம். முன்னாள் மத்திய நிதி அமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரியோட பேரன் டி.டி. ரங்கநாதன், குடிப்பழக்கத்தால 1979-ல இறந்து போனார். அவரோட மனைவி சாந்தி ரங்கநாதன் அப்ப ரொம்ப சின்ன வயசு. பணம், செல்வாக்கு, பெரிய டாக்டருங்க எல்லாம் இருந்த குடும்பம். ஆனா குடியை ஒரு நோயா பார்த்து வைத்தியம் பண்ண ஊர்ல தனியா ஒரு இடம் இல்ல. அவங்க அமெரிக்காவுல மின்னசோட்டாவில இருக்கிற ஹேஸல்டன் மையத்துக்கு போய் பயிற்சி எடுத்துட்டு வந்து, 1980-ல கணவர் பேர்லயே ஒரு அறக்கட்டளை ஆரம்பிச்சாங்க. 1992-ல பத்மஸ்ரீ. 1999-ல ஐ.நா.வோட வியன்னா சிவில் சொசைட்டி விருது.

எனக்கு இதுல விருதெல்லாம் பெருசா படல. புருஷன் குடியில செத்தா "ஹார்ட் அட்டாக்"னு சொல்லிட்டு அத்தோட மூடிடற ஊர் இது. பெரிய குடும்பம்னா இன்னும் இறுக்கி மூடுவாங்க. இவங்க அந்த சாவோட காரணத்தை வெளிய சொன்னது மட்டும் இல்லாம, அவர் பேரையே போர்டுல எழுதி வாசல்ல மாட்டினாங்க. 1980-ல! எங்க அம்மாவால 2024-ல பந்தியில ஒரு அக்காகிட்ட சொல்ல முடியல.

இன்னொண்ணு. அந்த அமைப்பு, நோயாளி வர்ற வரைக்கும் அடையார்ல காத்துகிட்டு இருக்கல. 1989-ல, இன்னிக்கு திருவாரூர் மாவட்டத்துல இருக்கிற மஞ்சக்குடியில, கிராமத்துக்கே போய் முகாம் போட்டாங்க. பதினஞ்சு நாள். ஊர்க்காரங்களே இடம் குடுத்து, சாப்பாட்டுக்கு ஏற்பாடு பண்ணி, யார் யார் குடிக்கறாங்கன்னு ஊருக்கே தெரியற மாதிரி, ஆனா யாரையும் கேவலப்படுத்தாம. முகாம் முடிஞ்சப்புறமும் தொடர்ந்து போய் பார்த்தாங்க. இதோட தர்க்கம் ரொம்ப எளிமை. ஆஸ்பத்திரியில இருக்கிற ஒரு மாசம் யாரா இருந்தாலும் நிறுத்திடுவாங்க. திரும்பி வர்றது அதே தெரு, அதே வீடு, அதே டீக்கடை. அந்த தெருவும் வீடும் கொஞ்சமாவது மாறணும். அதனாலதான் குடும்பத்துக்குன்னு தனியா வகுப்பு, தனியா ஆலோசனை.

இது இங்க மட்டும் கண்டுபிடிச்சது இல்ல. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935-ல அமெரிக்காவுல ஆரம்பிச்சப்ப, ஆம்பளைங்க உள்ள கூட்டம் போடுவாங்க, பொண்டாட்டிங்க வெளிய காத்திருப்பாங்க. காத்திருந்தவங்க தங்களுக்குள்ள பேச ஆரம்பிச்சு, 1951-ல குடும்பத்துக்குன்னு அல்-அனான்னு தனியா ஒரு அமைப்பே வந்தது. வாசல்ல நின்னவங்களுக்கும் சொல்றதுக்கு ஒரு கதை இருந்திருக்கு.

சரி, என் வியாதிக்கு வரேன்.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம், மயிலாப்பூர் பக்கம் ஒரு சின்ன ஸ்கூல்ல குடும்பங்களோட கூட்டம். மூணாம் கிளாஸ் பசங்க உக்கார்ற பெஞ்சு. முட்டியை மடக்கி உக்காந்தா நாடியில இடிக்கும். ரிட்டயர்ட் பேங்க் ஆபீசர் மாதிரி ஒருத்தர், மீன் விக்கிற அம்மா ஒருத்தங்க, காலேஜ் படிக்கிற பொண்ணு, இப்படி பத்து பேர். அவங்க சொன்னதை எழுத மாட்டேன், அது அந்த ரூமோட விதி. நான் பேசினதையும், என்கிட்ட கேட்டதையும் மட்டும் எழுதறேன்.

எனக்கு தெரிஞ்ச ஒரே வித்தையை காட்டினேன். எக்ஸெல் ஷீட். மூணு வருஷத்துல தம்பிக்கு ஜிபேயில அனுப்பின பணம் முழுக்க. தேதி, தொகை, அவன் சொன்ன காரணம். பைக் சர்வீஸ், அரியர் ஃபீஸ், போன் டிஸ்ப்ளே, ஃப்ரெண்டு ஆஸ்பத்திரியில. மொத்தம் 61 தடவை. ரூ. 1,86,400. பிவட் டேபிள் எல்லாம் போட்டு பிரிண்ட் எடுத்துட்டு போயிருந்தேன். அவன் என்னை எவ்வளவு ஏமாத்தியிருக்கான்னு நிரூபிக்கத்தான்.

எல்லாரும் பொறுமையா கேட்டாங்க. கடைசியில அந்த மீன் விக்கிற அம்மா, "நீ ஏன் தம்பி குடுத்தே?"ன்னாங்க.

"அவன் கஷ்டப்படக்கூடாதுன்னுதாம்மா."

"அவன் கஷ்டப்படக்கூடாதுன்னா, அவன் கஷ்டப்படறதை நீ பாக்கக்கூடாதுன்னா?"

நான் வாயை மூடிட்டேன். அன்னிக்கு ராத்திரி அதே ஷீட்டை திரும்ப பார்த்தேன். முக்கால்வாசி, எனக்கு சம்பளம் வந்த மூணு நாளைக்குள்ள போயிருக்கு. அவன் கேட்டதால மட்டும் இல்ல. அனுப்பினா அந்த வாரம் வீட்ல சத்தம் இருக்காது. அம்மா அழ மாட்டாங்க, அப்பா எழுந்து மொட்டை மாடிக்கு போக மாட்டார், நான் காலைல மீட்டிங்குக்கு முன்னாடி நிம்மதியா தூங்குவேன். 61 தடவையும் நான் எனக்கான தூக்கத்தை வாங்கியிருக்கேன். அவன் மாத்திரை வாங்கினான், நான் தூக்கம் வாங்கினேன், ரெண்டுக்கும் ஒரே காசு.

அம்மா வாங்கினது கௌரவம். பெங்களூர்னு சொன்னது அந்த கணக்குல வரும். அப்பா? அப்பா நாலாவது வாரம்தான் வந்தார். வரவே மாட்டேன்னு இருந்தவர். பெஞ்சுல ஒரு மணி நேரம் குனிஞ்சு உக்காந்துட்டு, முடியற நேரத்துல ஒரே ஒரு வாக்கியம் பேசினார். "நான் அவனை பேர் சொல்லி கூப்பிட்டு எவ்ளோ நாளாச்சுன்னு யோசிச்சுகிட்டு இருக்கேன்." எங்க வீட்ல தம்பிக்கு ரெண்டு வருஷமா பேர் 'அவன்'தான்.

அவனோட நோய்க்கு நாங்க காரணம்னு அங்க யாரும் சொல்லல. இதை அழுத்தி சொல்லணும், ஏன்னா "வளர்ப்பு சரியில்ல"ன்னு சொல்றதுக்கு ஊர்ல ஆளுக்கு பஞ்சமே இல்ல. நாங்க உண்டாக்கவும் இல்ல, எங்களால குணப்படுத்தவும் முடியாது. ஆனா மறைச்சு மறைச்சு, கட்டி கட்டி, அது வசதியா தங்கறதுக்கு வீட்ல ஒரு ரூம் ஒதுக்கி குடுத்திருந்தோம். அதை காலி பண்றது எங்க வேலை.

எப்படி காலி பண்ணோம்? பெருசா ஒண்ணும் இல்ல. பணம் கையில குடுக்கறதில்ல, ஆனா சாப்பாடும் படுக்கையும் எப்பவும் உண்டு. கடன்காரன் வந்தா, அவனையே பேச சொல்றது. ரூமை சோதனை போடறதில்ல, சட்டையை மோந்து பார்க்கறதில்ல. (இது அம்மாவுக்கு ரொம்ப கஷ்டம். இன்னும் சில நாள் துவைக்கும்போது மோந்து பார்க்கறாங்க.) சாயங்காலம் எல்லாரும் ஒண்ணா சாப்பிடறது. பக்கத்து போர்ஷன் அக்காகிட்ட அம்மா முதல்ல உண்மையை சொன்னாங்க. அந்தக்கா, "தெரியும்க்கா, நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன்"ன்னாங்களாம். ரெண்டு வருஷ நடிப்பு, பார்த்தவங்க எல்லாரும் டிக்கெட் வாங்காமலே பார்த்திருக்காங்க :-(

ரத்தப் பரிசோதனை ஒண்ணு இருந்தது. ஊசியை மாத்தி மாத்தி போட்டிருக்கான்ல. இந்தியாவுல எச்.ஐ.வி. இருக்குன்னு முதல்ல 1986-ல கண்டுபிடிச்சதே சென்னையிலதான், டாக்டர் சுனிதி சாலமனோட குழு. எங்கேயோ பொது அறிவு புத்தகத்துல படிச்ச அந்த வரி, ரிசல்ட்டுக்கு காத்திருந்த ரெண்டு நாளும் மண்டையில ஓடிகிட்டே இருந்தது. எச்.ஐ.வி. இல்ல. ஹெபடைடிஸ் சி இருந்தது. 2018-லேர்ந்து அரசு திட்டத்துல அதுக்கு மருந்து இலவசம், பன்னெண்டு வாரம் மாத்திரை. முடிச்சான், குணமாச்சு. ஒளிஞ்சுகிட்டு இருந்திருந்தா, இருபது வருஷம் கழிச்சு கல்லீரல் கெட்டப்புறம் தெரிஞ்சிருக்கும்.

சினிமா மாதிரி அதோட சுபம் போட முடியல. 2024 செப்டம்பர்ல மறுபடி போட்டான். ஆனா இந்த தடவை அவனே வந்து சொன்னான். ராத்திரி ஒண்ணரை மணிக்கு என்னை எழுப்பி, "அண்ணா, போட்டுட்டேன்"னு. நான் கத்தல. (உள்ளுக்குள்ள நல்லா கத்தினேன்.) மறுநாள் காலைல பறக்கும் ரயில், அதே அஞ்சு ஸ்டேஷன். ஆலோசகர் அம்மா அவனை திட்டவே இல்ல. எத்தனை மணிக்கு, யாரோட, அதுக்கு முன்னாடி என்ன நடந்ததுன்னு மட்டும் கேட்டு எழுதிகிட்டாங்க. எங்க டீம்ல சிஸ்டம் விழுந்தா மறுநாள் உக்காந்து, யார் மேலயும் பழி போடாம, எங்க உடைஞ்சதுன்னு பார்ப்போமே, அச்சு அசல் அதே மாதிரி. வீட்டுக்கு மட்டும் எனக்கு அது தோணவே இல்ல.

இப்ப அவனுக்கு துணைக்கு ஒருத்தர் இருக்கார். அம்பது வயசுக்கு மேல, ஒரு காலத்துல பிரவுன் சுகர் எடுத்து, நிறுத்தி இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. விடிகாலை ஆறு மணிக்கு டி.வி.எஸ். மொபெட்ல லஸ் பக்கம் வருவார். ரெண்டு பேரும் நாகேஸ்வர ராவ் பார்க்ல நாலு ரவுண்டு நடப்பாங்க. என்ன பேசுவாங்கன்னு எனக்கு தெரியாது, கேக்கறதும் இல்ல. நான் லட்ச ரூபாய் குடுத்தும் அவனுக்கு தர முடியாத ஒண்ணை அந்த மனுஷன் ஒரு காபிக்கு தர்றார். "நானும் அங்க இருந்தேன்"னு சொல்ற தகுதி எனக்கு இல்லையே.

பொட்டி தட்டுறவன் புத்தி, நம்பர் இல்லாம முடிக்க மனசு வரல. மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் பண்ணின கணக்கெடுப்பு 2019-ல வந்தது. அபின் வகை போதையால பிரச்சினையில இருக்கிறவங்க இந்தியாவுல சுமார் 77 லட்சம். ஊசி மூலமா போதை ஏத்தறவங்க சுமார் 8.5 லட்சம். மதுவைத் தவிர்த்த போதைப் பொருளுக்கு அடிமையானவங்கள்ல, ஆஸ்பத்திரியில சேர்ந்து சிகிச்சை எடுத்தவங்க இருபது பேர்ல ஒருத்தர். மிச்ச பத்தொன்பது பேர் எங்க? நிறைய பேர் 'பெங்களூர்ல'தான் இருக்கணும். 77 லட்சத்துக்கு வீட்டுக்கு மூணு பேர்னு வெச்சாலும், கூட சேர்ந்து பொய் சொல்ற எங்களை மாதிரி ஆளுங்க ரெண்டு கோடிக்கு மேல வரும்.

போன மாசம் இன்னொரு கல்யாணம். இந்த தடவை தம்பியும் வந்திருந்தான். அதே பெரியம்மா. "என்னடா, பெங்களூர்லேர்ந்து எப்ப வந்தே?"ன்னாங்க. நான் வாயை திறக்கறதுக்குள்ள அம்மா முந்திகிட்டாங்க. "பெங்களூர் எல்லாம் இல்லக்கா. மாத்திரை பழக்கம் இருந்தது. அடையார்ல வைத்தியம் பார்த்தோம். இப்ப ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, நல்லா இருக்கான். ஒரு பைக் மெக்கானிக் ஷெட்ல வேலை." பெரியம்மா கையில எடுத்த பூரியை வாய்க்கு கொண்டு போகாம கொஞ்ச நேரம் வெச்சிருந்தாங்க. அப்புறம் பேச்சு பொண்ணோட புடவைக்கு போயிடுச்சு. அம்மா வீடு வர்ற வரைக்கும், "தப்பா சொல்லிட்டேனோ, தப்பா சொல்லிட்டேனோ"ன்னு கேட்டுகிட்டே வந்தாங்க.

மூணு நாள் கழிச்சு, ராத்திரி பத்தரை மணி. எனக்கு போன்.

"பெரியம்மா பேசறேன்ப்பா. தூங்கிட்டியா? ஒண்ணும் இல்ல... அடையார்னு அம்மா சொன்னாளே, அது எங்க வருது?"

நான் யாருக்குன்னு கேக்கல. இந்திரா நகர் ஸ்டேஷன்ல இறங்கணும், நான் கூட வரேன் பெரியம்மான்னு மட்டும் சொன்னேன்.

டிஸ்கி: 1) 14446, இது போதை மீட்புக்கான மத்திய அரசோட இலவச எண். 14416, இது டெலி மனஸ், மனநல ஆலோசனைக்கு, தமிழ்லயே பேசலாம். போதை எடுக்கிறவர்தான் பேசணும்னு இல்ல, வீட்ல இருக்கிறவங்களும் பேசலாம். 2) "சிகிச்சைக்கு போனா போலீஸ் பிடிச்சுக்கும்"னு நிறைய பேர் பயந்து ஒளியறாங்க. 1985-ல வந்த போதைப்பொருள் தடுப்பு சட்டத்துலயே 64-ஏ பிரிவு இருக்கு. போதை எடுத்ததுக்காகவோ சின்ன அளவு வெச்சிருந்ததுக்காகவோ வழக்கு வந்தவங்க, தானா முன்வந்து அங்கீகாரம் உள்ள இடத்துல முழுசா சிகிச்சை எடுத்தா வழக்குலேர்ந்து பாதுகாப்பு உண்டு. 3) ராத்திரி வேன்ல வந்து தூக்கிட்டு போறவங்களுக்கு தயவு செஞ்சு கேட்டை திறக்காதீங்க. நான் திறந்தேன்.